மஞ்சள் முளைப்பாரி

யுத்த காலத்தில் கரி போட்டு ஓட்டிய பஸ் அது. ஜெயங்கொண்டத்தில் ஏறியவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அகலமான முதுகு, வெற்றிலை போட்ட வாய், நெற்றி நிறையத் திருநீறு. மடியில் ஈரத்துணி மூடிய மண்சட்டி. பஸ் குலுங்கும்போதெல்லாம் சட்டியைத்தான் பிடித்தாளே தவிர, கம்பியைப் பிடிக்கவில்லை.

மறுநாள் கிறிஸ்துமஸ். என்னைப் போலவே அவளும் வரதராசன்பேட்டைக்குத்தான் போகிறாளாம்.

"என் மவ வேதக்கார வூட்டுல வாக்கப்பட்டுட்டா. கல்யாணத்துக்கே நான் போவல. இப்பத்தான் மொதமொதல்ல போறேன்," என்றாள், நான் கேட்காமலே. "யேசு குடிலுக்கு நெல்லு முளைக்க வெப்பாங்களாமே தங்கச்சி? மாரியாத்தாவுக்கு வெக்கிற மாதிரியே விரதம் இருந்து வளத்தேன்."

துணியை விலக்கிக் காட்டினாள். மாரியம்மன் முளைப்பாரியை வெளிச்சம் படாமல்தானே வளர்ப்பார்கள்! பயிர் அத்தனையும் வெளுத்த மஞ்சள். எங்கள் குடில்களிலோ பச்சைப் பசேலென்று இருக்க வேண்டும்.

"வெயில்ல வெச்சிருக்கணும்க்கா. நாங்க பச்சையாத்தான் வெப்போம்," என்றேன்.

அவள் அசரவில்லை. "மாட்டுக் கொட்டாயில பொறந்த புள்ளதானே? அங்க ஏது வெயிலு?"

ஊர் வந்ததும் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். யாரிடமும் வழி கேட்காமல், சொந்த ஊருக்குள் போகிறவள் மாதிரி நடந்தாள்.

அந்த வீட்டில் அதை வைத்தார்களா, தெரியாது. என் வீட்டுக் குடிலில் அதற்குப் பிறகு மஞ்சள் பயிர்தான். ஏன் என்று கேட்பவர்களுக்கு அவள் சொன்னதையே சொல்கிறேன். அவளுக்கு இருந்த தெம்பு மட்டும் என் குரலில் வரமாட்டேன் என்கிறது.