இரண்டு ஊர் ராகுகாலம்

டில்லியில் நான் வேலையில் சேரப் போன வெள்ளிக்கிழமை, புதியவர்கள் கையெழுத்திடும் பதிவேடு ஒரு தமிழ் ஹெட்கிளார்க்கிடம் இருந்தது. கழுத்தில் மஃப்ளர். சட்டைப்பையில் இரண்டு சீட்டு: ஒன்றில் மெட்ராஸ் ராகுகாலம், மற்றதில் டில்லி ராகுகாலம். பேனா எடுக்குமுன் இரண்டையும் பார்ப்பார்.

பஸ் தாமதமாகி நான் நுழைந்தபோது மணி பத்து முப்பத்தைந்து.

"உட்காருங்க தம்பி. மெட்ராஸ்ல ராகுகாலம் ஆரம்பிச்சாச்சு."

"இது டில்லி இல்லையா சார்?"

"இங்க குளிர்காலத்துல சூரியன் லேட்டு. பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு இருபது வரைக்கும். நீங்க பொறந்தது அங்க, வேலை இங்க. ரெண்டும் ஒட்டும்."

பன்னிரண்டுக்குள் சேராவிட்டால் வேலை ரத்து என்று உத்தரவிலேயே இருந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எவ்வளவு கெஞ்சியும் அவர் பேனாவைத் தொடவில்லை.

பக்கத்து மேஜைப் பஞ்சாபிக்காரர் சிரித்தார். "அரே, தயிரும் சீனியும் சாப்பிட்டா எல்லாம் அச்சா!" என்று இந்தியில் சொல்லி, தன் டப்பாவிலிருந்து எனக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தார்.

"எனக்கும் ஒரு ஸ்பூன்," என்றார் ஹெட்கிளார்க்.

பன்னிரண்டு இருபத்தொன்றுக்கு என்னிடம் கையெழுத்து வாங்கினார். நேரம் என்ற கட்டத்தில் 'காலை 10.20' என்று பொறுமையாக எழுதினார்.

"ரெண்டு ஊருக்கும் நல்ல நேரம் தம்பி."

அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். ராகு கடிகாரத்தைப் பார்த்தாரா, பதிவேட்டைப் பார்த்தாரா என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.