பின்கதவு திறக்கும் கார்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை, அப்போது இருந்தது. காரைக்குடியில் உரக்கடை, ஒக்கூரில் வயல், பார்க்கிறவர்களை ஏமாற்ற ஒரு முறுக்கு மீசை. ஆனால் எதிரே லாரி வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி ஓரமாக நின்றுவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான், அறுபதுகளின் கடைசியில், வேகமாக ஓடுகிற காராகப் பார்த்து வாங்க அலைந்தேன்.

காரணம் என் மனைவி. முதல் பிரசவத்தில் எட்டாம் மாதமே வலி எடுத்துவிட்டது. மதுரைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். கிடைத்த வாடகைக் கார் மேலூர் தாண்டுவதற்குள் இரண்டு தடவை கொதித்து நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை. "ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதியை இரண்டு வருஷம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பேசி வைத்திருந்தேன். அது தை பிறந்தால்தான் காலியாகும். எட்டாம் மாதமோ மார்கழியிலேயே வருகிறது. அந்த ஒரு மாதத்துக்காகத்தான் கார். புது வண்டிக்குப் பதிந்து வைத்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதில் வரும். கையிலிருந்த பணமும் பழைய வண்டிக்குத்தான் கட்டும். அவசரமாக ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினேன்.

எங்கள் தெரு முனையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பாயைக் கூட்டிக்கொண்டு வண்டிகள் பார்த்தேன். ஒரு பெரிய கறுப்பு வண்டி; உள்ளே கல்யாணமே நடத்தலாம், ஆனால் மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கியது. நாலு கதவு வைத்த சின்ன வண்டி ஒன்றைப் பாய் தட்டிப் பார்த்து, "இதை எடுங்க தம்பி. வேகம் மட்டு. ஆனா தெனம் ஓடுன வண்டி" என்றார். வேகம் மட்டு என்ற சொல்லிலேயே எனக்கு அது வேண்டாமென்று ஆகிவிட்டது.

மூன்றாவது வண்டி கொத்தமங்கலத்தில் இருந்தது. பெரிய வீடு, வீட்டுக்காரர்கள் பினாங்கில். அந்த வீட்டுப் பிள்ளை ரேஸ் ஓட்டும் ஆசையில் கப்பலில் கொண்டுவந்து, எஞ்சினில் என்னென்னவோ மாற்றிய கார். பின்பக்கம் முழுக்க ஒரே கதவாக மேலே தூக்கித் திறந்தது. சீட்டை மடக்கினால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். அவள் அதில் படுத்திருப்பது போலவே எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் வண்டியைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

"ரொம்ப நாளா ஓடாம நின்ன வண்டி தம்பி இது. ஒரு வாரம் குடுங்க, பிரிச்சுப் பாத்துச் சொல்றேன்" என்றார் பாய். ஒரு வாரமா? மார்கழி பிறந்துவிட்டது. மறுநாளே அவருக்குத் தெரியாமல் கிளம்பிவிட்டேன்.

வீட்டைப் பார்த்துக்கொண்ட காவல்காரப் பெரியவர் கொட்டகையைத் திறந்தார். கதவு, தூண், பூட்டு, கார் எல்லாம் ஒரே மாதிரி மின்னின. "அஞ்சு வருசமா எதுலயும் எண்ணெய் கொறய விட்டதில்லய்யா" என்றார். எனக்கு வயிறு குளிர்ந்தது. உச்சி வெயிலில் ஓட்டிப் பார்த்தேன். கால் வைத்ததும் பாய்ந்தது. நான் கடவுளையெல்லாம் கூப்பிட்டேன். பிரேக்கை மிதித்தேன், நின்றது. அன்றே வாங்கிவிட்டேன்.

புது வண்டி முதலில் பிள்ளையார்பட்டிக்குப் போக வேண்டும், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டும். மறுநாள் விடியற்காலை, பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே கிளம்பினோம். தானும் வருவேனென்று அவள் பிடிவாதம். ரோட்டில் ஈ காக்கை இல்லை; பிரேக்குக்கே வேலையில்லாமல் போனது. பிள்ளையார்பட்டி நெருங்கும் வளைவில் ஆட்டு மந்தை. மிதித்தேன். பிரேக் இறங்கவில்லை. கருங்கல்லை மிதித்தது போலிருந்தது. நின்றுகொண்டே மிதித்தேன். வண்டி அதுபாட்டுக்குப் போனது.

கை பிரேக்கை எப்போது இழுத்தேனென்று தெரியாது. வண்டி சுழன்று கண்மாய்க்கரை மணலில் ஏறி நின்றது. ஆடுகள் தப்பின. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அசையலீக" என்றாள்.

நானும் கை வைத்துப் பார்த்தேன். அசைவில்லை. இரண்டாவது பிள்ளையையும் நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். மேய்ப்பர் ஒருவர் ஓடிவந்து ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. என் கை நடுங்குவதா, உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாமல் அப்படியே வைத்திருந்தேன். எவ்வளவு நேரமோ. கடைசியில் உள்ளேயிருந்து ஒரு உதை. அவள் அழுதாள். நான் அவளைவிடச் சத்தமாக அழுதேன்.

சொல்லியனுப்பியதும் வந்த பாய், என்னைத் திட்டிக்கொண்டே பிரேக் எண்ணெய் டப்பாவைத் திறந்தார். உள்ளே உறைந்த நெய் மாதிரி மஞ்சளாகக் கெட்டியாக இருந்தது. விரலில் எடுத்து முகர்ந்தார். "இலுப்பெண்ணெய்! வெளக்குக்கு ஊத்துறதை இதுல ஊத்தியிருக்காக. வெயில்ல உருகிக் கெடந்திருக்கு, பனியில ஒறஞ்சிருச்சு." காவல்காரரைக் கேட்டதற்கு, சாமி விளக்குக்கு ஊற்றும்போதெல்லாம் வண்டியிலும் மட்டம் பார்த்து ஊற்றியதாகப் பெருமையாகவே சொன்னார். அவர்மேல் பாய்வதற்காகப் போனவன் அப்படியே திரும்பி வந்தேன். ஒரு வாரம் பொறுக்காதவன் நான்தானே.

பாய் குழாய்களைக் கழுவி, ரப்பரெல்லாம் மாற்றி, சரியான எண்ணெய் ஊற்றி, "இப்ப நிக்கும், என் பொறுப்பு" என்றார். நின்றது. ஐம்பது தடவை மிதித்துப் பார்த்தேன், ஐம்பது தடவையும் நின்றது. நம்பிக்கைதான் வரவில்லை. வேறு வண்டி தேட நாளும் இல்லை.

மார்கழி முடிய ஒரு வாரம் இருக்கும்போது மத்தியானம் அவளுக்கு வலி எடுத்தது. பின்கதவைத் தூக்கி, மெத்தை விரித்துப் படுக்கவைத்தேன். கிளம்பினேன். எத்தனை வேகத்தில் என்கிறீர்கள்? மாட்டு வண்டிகூட முந்தியிருக்கும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். வெறும் ரோட்டிலும் மிதித்தேன். கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. திருப்பத்தூர் தாண்டியபோது பின்னாலிருந்து அவள் கத்தினாள்.

"என்ன ஓட்டுறீக? அன்னைக்கு வாடகைக் காரு போன மாதிரியேல்ல போகுது! பயந்து பயந்து இந்தப் புள்ளயவும் தொலைக்கப் போறீகளா? எனக்குப் பயமில்ல. மிதிங்க!"

மிதித்தேன். புளியமரங்கள் இரண்டு பக்கமும் பறந்தன. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்; மேலூர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அவளுக்கே பயமில்லையாம், எனக்கென்ன என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் பிரேக்கை மிதித்தேன். நின்றது.

பொழுது சாய்வதற்குள் பெண் பிறந்தாள். உள்ளங்கை அளவு முகம், ஊரைக் கூட்டுகிற அழுகை. நான் மெதுவாக மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஒனக்கு எங்கிருந்து வந்துச்சு அவ்வளவு தைரியம்?" என்று கேட்டேன்.

"தைரியமா?" என்றாள். உதடெல்லாம் காய்ந்திருந்தது. "ஏறுனதுலருந்து நான் கண்ணையே தொறக்கலீக. வலியவிட அந்த வண்டிக்குத்தான் பயந்தேன். நானும் பயப்படுறேன்னு தெரிஞ்சா நீங்க வண்டிய ஓரங்கட்டி நிறுத்தியிருப்பீக."

உண்மைதான். நிறுத்தியிருப்பேன்.