கழுவாத ரத்தக்குழாய்

செய்யாத தவறை "நான்தான் செய்தேன்" என்று நிறைந்த சபையில் எழுந்து சொல்ல ஒருவர் எவ்வளவு படித்திருக்க வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? தெருவில் போகிறவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். அதற்கு மருத்துவப் பட்டம் வேண்டும். அதன்மேல் அறுவை மருத்துவம் படித்திருக்க வேண்டும். அதற்கும் மேல் ஒரு மருத்துவக் கல்லூரியில் ரத்தநாள அறுவைப் பயிற்சியின் கடைசி ஆண்டில் இருக்க வேண்டும். அவள் அப்படித்தான் இருந்தாள்.

துறையில் அவளை எல்லோரும் 'நாடி' என்றே கூப்பிட்டார்கள். ரத்த ஓட்டத்தைக் கேட்கும் கருவி வைத்தும் சத்தம் கேட்காத பாதத்தில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடுவாள். "இருக்கு, மெதுவா ஓடுது" என்பாள். கருவியைச் சற்றே நகர்த்தி வைத்தால் சத்தம் வரும். அந்தப் பெயரை வைத்தவன் மைனா, அவளோடு ஒன்றாகப் பயிற்சிக்குச் சேர்ந்தவன். வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர். முகமூடி போட்டால்கூட அடங்கமாட்டான்.

"உன் விரல்ல ஒரு ஒயரைச் சொருகினா போதும், துறைக்குப் புது மெஷினே வேணாம்."

"உன் வாயில சொருகினா ஊருக்கே கரண்ட் குடுக்கலாம்டா."

அவள் சாப்பிடாமல் வந்த நாட்களில் தன் டப்பாவைத் திறந்து பாதியை அவள் பக்கம் தள்ளுவான். "கூடப் பிறந்தவன் மாதிரிக்கா" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

ஒரு நகரப் பேருந்து ஓட்டுநர் அவளுடைய வார்டுக்கு வந்தார். பல வருஷப் புகையும் சர்க்கரையும் சேர்ந்து தொடை இடுக்கில் பெரிய ரத்தக்குழாயை அடைத்திருந்தன. தெருமுனை வரை நடப்பதற்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

"பிரேக் மிதிக்கிற காலு டாக்டரம்மா. பாத்துச் செய்ங்க."

"பெரிய டாக்டரே செய்றார். கவலைப்படாதீங்க."

பெரிய டாக்டர் என்றால் துறைத் தலைவர். குழாயின் மேலும் கீழும் இடுக்கி போட்டு ஓட்டத்தை நிறுத்தினார். கீறினார். உள்ளே சுண்ணாம்பு போல இறுகிக் கிடந்ததைச் சுரண்டி எடுத்தார். ஒட்டு வைத்துத் தைத்தார். எல்லாம் அழகான வேலைதான். ஆனால் கடைசி முடிச்சுக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. இடுக்கிகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் திறந்து, ரத்தத்தைப் பீறிட்டு வெளியே வரவிட்டு, திரும்ப மூட வேண்டும். உள்ளே தங்கிய துகளும் கட்டியும் அதோடு வெளியேறிவிடும். குழாயைக் கழுவுவது என்பார்கள். பயிற்சிக்குச் சேர்ந்த புதிதிலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

அன்று பெரிய டாக்டருக்குக் கல்லூரி அரங்கில் விழா மேடை காத்திருந்தது.

"சார், கழுவிடலாமா?" என்றாள்.

"பாத்தாச்சும்மா. உள்ள சுத்தமா இருக்கு."

முடிச்சைப் போட்டார். அவளுக்குப் பக்கத்தில் ரத்தம் உறிஞ்சும் குழாயோடு நின்றிருந்த மைனா அவள் காதருகே குனிந்து, "பெரியவர் கண்ணுக்கு அணுவே தெரியுது போல" என்று முணுமுணுத்தான்.

அவள் துணிக்கு அடியில் கைவிட்டுப் பாதத்தைத் தொட்டாள். "சார், நாடி இல்ல."

"குளிர்ல சுருங்கியிருக்கும். சூடு பண்ணு, வந்துடும்." கையுறையை உரித்துப் போட்டுவிட்டுப் போனார்.

வரவில்லை. மதியத்துக்குள் விரல்கள் நீலம் பாரித்தன. திரும்பத் திறந்து பார்க்கலாம் என்று போனில் கெஞ்சினாள். கைதட்டல் சத்தத்துக்கு நடுவே, "சொன்னதைச் செய்" என்று பதில் வந்தது. மறுநாள் பாதம் செத்துப்போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். உங்கள் ரத்தக்குழாய் ரொம்பப் பலவீனம் என்று ஓட்டுநரிடம் சொல்லச் சொன்னார் பெரிய டாக்டர். அவளும் சொன்னாள்.

துறையில் வாரம் ஒரு கூட்டம் நடக்கும். தவறிப்போனதையெல்லாம் திறந்து வைத்துப் பேசி, அது மறுபடி நேராமல் பார்த்துக்கொள்வதற்கான கூட்டம். மனிதன் கண்டுபிடித்ததில் இதைவிட மேலான வழக்கம் அதிகமில்லை. அதன்மேல் புல்லுருவி போல இன்னொரு வழக்கம் வளர்ந்திருந்தது. பெரியவர் செய்த தவறைச் சிறியவர் எழுந்து தன் தவறாகச் சொல்ல வேண்டும். 'தோள் கொடுக்கிறது' என்று அதற்குப் பெயர். அது பொய் என்று கூட்டத்தில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் முகத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு கேட்பார்கள்.

"இது நம்ம வீட்டுக்குள்ள பேசுறதும்மா" என்றார் பெரிய டாக்டர். "வாசல் தாண்டாது. நான் இருக்கேன்ல?"

வீட்டில் அக்கா கேட்டாள்: "நீ செஞ்சியா?"

"இல்லக்கா. எல்லாரும் செய்றதுதான் இது."

"கிளாஸ்ல எல்லாரும் ரெண்டும் ரெண்டும் அஞ்சுன்னு எழுதினா, நான் மார்க் போட்டுடணுமாடி?"

அந்த வாரம் தங்கை கூட்டத்தில் எழுந்து நின்றாள். "முடிச்சுக்கு முன்னாடி குழாயைக் கழுவ நான் மறந்துட்டேன்." பெரிய டாக்டர் தலையை ஆட்டி, "பாத்தீங்களா, இதுதான் நேர்மை" என்றார்.

ஓட்டுநரின் மனைவி சும்மா இருக்கவில்லை. கல்லூரி முதல்வரிடம் முறையிட்டார். விசாரணை வைத்தார்கள். அங்கே பெரிய டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "அந்தப் பொண்ணு தன் வாயாலயே ஒத்துக்கிட்டா. நாப்பது பேர் கேட்டாங்க."

அவள் உண்மையைச் சொன்னாள். விசாரணைக் குழுவில் ஒருவர் கேட்டார்:

"அன்னிக்குப் பொய் சொன்னீங்களா, இன்னிக்குச் சொல்றீங்களா?"

"அன்னிக்கு."

"பொய் சொல்வேன்னு நீங்களே சொல்றீங்க. இப்ப எப்படிம்மா நம்புறது?"

தர்க்கம் கூர்மைதான். அதே கத்தியை எதிர்நாற்காலியில் இருந்த பெரிய டாக்டர் பக்கம் திருப்பத்தான் அங்கே ஒருவருக்கும் கை எழவில்லை.

மைனாவைக் கூப்பிட்டார்கள். அவள் மூச்சு சீரானது. அவன் வாயைக் கட்டிப்போட யாரால் முடியும்?

"நான் உறிஞ்சு குழாயைப் பிடிச்சிட்டிருந்தேன் சார்" என்றான். "கவனிக்கல."

வராந்தாவில் அவனை மறித்தாள். "அணுவே தெரியுதுன்னு சொன்னியேடா. என் காதுல சொன்னியே."

"எனக்குப் பரீட்சை இருக்கு நாடி. புரிஞ்சுக்கோ."

"எனக்கு இல்லையா?"

அவன் செருப்பைப் பார்த்தான். பெரிய டாக்டர் கவிழ்ப்பார் என்று அவள் மனதின் ஒரு மூலை முன்பே சொல்லியிருந்தது. இவனைப் பற்றி எந்த மூலையும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

தீர்ப்பு வந்தது. இறுதித் தேர்வு எழுதக் கூடாது. அறுவை அரங்குக்குள் கால் வைக்கக் கூடாது. புண்ணுக்குக் கட்டுப்போடும் அறையில் வேலை. இத்தனை வருஷம் கற்ற கைக்குப் பஞ்சும் துணியும் மிஞ்சின.

அந்த அறைக்கு ஓட்டுநரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அவர் மனைவி வந்தார். கட்டைப் பிரித்துக்கொண்டே அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அப்ப என் குழாய் பலவீனம்னு சொன்னது?"

"பொய். அவர் சொல்லச் சொன்னார், சொன்னேன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. "வண்டியை ஓட்டினது முதலாளி, இடிச்சதும் முதலாளி. நான்தான் இடிச்சேன்னு கண்டக்டர் கையைத் தூக்கியிருக்காரு. நல்ல டிப்போம்மா உங்க டிப்போ." பிறகு குரல் தணிந்தது. "உங்களைத்தானே நம்பினேன்."

வராந்தாவில் மைனாவை அவள் எப்படிப் பார்த்தாளோ, அப்படித்தான் அவர் இப்போது அவளைப் பார்த்தார். அது அவளுக்கும் தெரிந்தது.

மனைவி கேட்டார்: "இதை வெளியில வந்து சொல்வீங்களா?"

"எங்க கூப்பிட்டாலும் வர்றேன்."

"அப்ப கட்டுப் போடுங்க. மன்னிச்சுட்டோம்னு நினைச்சுக்காதீங்க."

ஓட்டுநர் போட்ட வழக்கு இப்போது நீதிமன்றத்தில் நிற்கிறது. அவள் சொல்லுக்குத் துணை நிற்க இன்னும் ஒருவரும் வரவில்லை. அறுவை அரங்கில் அன்று மைனா மட்டுமா இருந்தான்? மயக்க மருந்து கொடுத்தவர் இருந்தார், கருவி எடுத்துக் கொடுத்தவர் இருந்தார். எல்லோருக்கும் வீடு இருக்கிறது. வீட்டில் அவர்களை நல்லவர் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்புகிறவர் நீங்களாகவே இருக்கலாம். இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது உங்கள் மகனிடம், மகளிடம், கணவரிடம், மனைவியிடம் கேளுங்கள்: "கண்ணால பாத்துட்டு வாயை மூடிக்கிட்டது ஏதாவது இருக்கா?" இருக்கிறது என்றால், தட்டு காயட்டும். முதலில் அவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வையுங்கள்.