நாங்கள் உரித்த பலகைச் சுவர்

எங்கள் ஊரில் கல்வீடு இருந்தால்தான் மனுசன். மற்றதெல்லாம் கொட்டில். மண்டைக்குள் இந்த எண்ணத்தை வைத்துக்கொண்டுதான் நானும் கணவரும் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து, குட்மேய்ஸ் பக்கம் ஒரு பலகை வீட்டை வாங்கினோம். எங்கள் வசதிக்கு அகப்பட்டது அது ஒன்றுதான். தெரு முழுக்கச் செங்கல் வீடுகள். நடுவில் இது மட்டும் தரையிலிருந்து கூரை வரை வெள்ளை பூசிய பலகை. முதல்நாள் பார்த்தபோதே எனக்கு முகம் செத்துப்போனது.

ஊரில் சண்டையை நிறுத்தி, சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஊருக்குப் போகவரப் பாதை திறந்திருந்தது. கணவரின் தகப்பனார் ஊரில் தனியாக இருந்தார். அவருடைய கல்வீடு ஷெல் விழுந்து குட்டிச்சுவராகிப் பல வருடம். பதினாறு வருடமாகக் காணாத மகனைப் பார்க்க விசாவுக்கு எழுதிப் போட்டிருந்தார். கணவர் பெருமையாக வீட்டின் படத்தை அனுப்பினார். படம் கிடைத்ததும் மாமாவின் போன் வந்தது.

"என்ன தம்பி, பலகை அடிச்சுக் கிடக்கு? இன்னும் கட்டி முடியேல்லையோ?"

கணவர் என்னைப் பார்த்தார். பிறகு, "ஓம் அப்பா. நீங்கள் வாறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றார். எல்லாம் அந்தப் பொய்யில் தொடங்கியது. ஆனால் அது சின்னப் பொய். பெரியது என்னுடையது.

அதே கிழமை இந்தப் பகுதியின் நகரசபையான கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. கணவருக்கு ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலம் நாலு சொல். நான் ஊரில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவள், அதனால் வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் என் பொறுப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய இந்த வீட்டைப் பாதுகாக்கவேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்களாம். அனுமதியில்லாமல் வெளிப்பக்கத்தில் ஒரு பலகையையும் தொடக்கூடாதாம். இரண்டு தரம் படித்தேன். சீ, இந்தக் கோழிக்கூட்டுக்கும் ஒரு சரித்திரமோ என்று எரிச்சல்தான் வந்தது. என் மாமனார் வந்து, படித்த மருமகள் பலகைக்குள் குடித்தனம் நடத்துவதைப் பார்க்கவேண்டுமா? விடமாட்டேன் என்று நினைத்தேன்.

"என்ன கடிதம்?" என்று கணவர் கேட்டார்.

"குப்பை எடுக்கிற நாள் மாறுதாம்" என்றேன்.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய நண்பர்கள் நாலு பேர் வந்தார்கள். இங்கே கட்டட வேலை செய்பவர்கள். எங்கள் ஆட்களுக்குள் இதற்குக் கூலி கிடையாது. ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் போடவேண்டும், நாளைக்கு அவர்கள் வீட்டில் வேலையென்றால் நாங்கள் போகவேண்டும், அவ்வளவுதான். பலகையைக் கழற்றிவிட்டுச் செங்கல் வைப்பது திட்டம். அலவாங்கு போட்டு நெம்பினால் பலகை லேசில் வரவில்லை. வந்தவற்றின் பின்பக்கத்தில் பென்சிலால் இலக்கம் எழுதியிருந்தது.

"அண்ணை, இஞ்ச பாருங்கோ. வெள்ளைக்காரன் பலகைக்கும் அடையாள அட்டை குடுத்து வைச்சிருக்கிறான்!" என்றான் ஒருவன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். குப்பைத் தொட்டிக்குள் அடங்கவேண்டுமென்று பலகைகளைத் துண்டு துண்டாக அறுத்தார்கள். மத்தியானத்துக்குள் வீட்டில் மரச்சட்டமும் உட்பக்க மெல்லிய சாந்தும்தான் மிச்சம்.

அயலில் யார் அறிவித்தார்களோ, மறுநாள் கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்தாள். பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பானவள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவளோ தொட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, மெதுவாக விளங்கப்படுத்தினாள். ஒவ்வொரு பலகையும் ஒரு விளிம்பில் தடிப்பு, மறு விளிம்பில் மெல்லிசு. மேல்பலகையின் தடித்த விளிம்பு கீழ்ப்பலகையின் மெல்லிய விளிம்பில் ஏறி உட்காரும், மழைத்தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகாது. ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கென்று சீவியது, அதற்குத்தான் இலக்கம். இந்தத் தெருவின் செங்கல் வீடுகளைக் கட்டிய ஆளே, மரத்திலும் லண்டனில் நிலையாகக் கட்டலாமென்று காட்டத் தனக்கென்று இதைக் கட்டினானாம். இரண்டாம் உலக யுத்தத்தில் பக்கத்துத் தெருவில் குண்டு விழுந்தபோது செங்கல் சுவர்கள் வெடித்தன, இது அசைந்து கொடுத்துவிட்டு நின்றதாம். இந்த வட்டாரத்தில் இப்படி மிஞ்சியது இது ஒன்றுதானாம்.

குண்டுக் கதையை மொழிபெயர்த்தபோது கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கடிதம் அனுப்பினோமே, கிடைக்கவில்லையா?" என்று அவள் கேட்டாள். அதை மட்டும் நான் தமிழில் சொல்லவில்லை. கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். பயம். வேறொன்றுமில்லை.

செங்கல் கூடாது, அதே மாதிரிப் பலகையை அதே முறையில் அடிக்கவேண்டும், வரைபடத்துக்கு அனுமதி கிடைத்த பிறகுதான் வேலை என்று சொன்னார்கள். அதுவரை வீட்டைச் சுற்றி நீலப் பிளாஸ்டிக் விரிப்பு. அந்த நேரம் பார்த்து மாமாவுக்கு விசா கிடைத்தது. வரவேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

அக்டோபர் கடைசியில் வந்து இறங்கினார். வாசலில் நின்று விரிப்பை அண்ணாந்து பார்த்தார். "இன்னும் முடியேல்லையே, தம்பி?" அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அது என்னை இன்னும் வதைத்தது. காற்றடித்தால் விரிப்பு படபடவென்று அடிக்கும். ஹீட்டரின் சூடு சட்டங்களுக்கூடாக ஓடிவிடும். இரண்டு ஸ்வெட்டருக்கு மேலே கோட்டும் போட்டுக்கொண்டு கதிரையில் இருப்பார். "பிள்ளை, இந்தக் குளிர் எலும்புக்குள்ள போகுது" என்று ஒரு தரம்தான் சொன்னார். ஜனவரியில் இருமல் தொடங்கியது. சளி நெஞ்சில் இறங்கி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து முடிந்துபோனார்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் கணவர் ஒன்றையே சொன்னார். "ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா நான் அந்தப் பலகையில கை வைச்சிருப்பனோ?" வந்தவர்கள் கவுன்சிலைத் திட்டித் தீர்த்தார்கள். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஏலவில்லை.

அனுமதி வந்து, வசந்தத்தில் பலகைகள் வந்தன. நண்பர்களைக் கூப்பிடவில்லை. கணவர் தனியாக, ஒவ்வொன்றாகச் சீவி, இலக்கம் எழுதி அடித்தார். அடித்த பலகையைக் கையால் தடவிப் பார்ப்பார். என்னோடு பேச்சு குறைந்துவிட்டது. என்னோடு மட்டுமல்ல, எவரோடும்தான்.

வேலை முடிந்தபின் அந்தப் பெண் கடைசித் தடவையாகப் பார்க்க வந்தாள். வீட்டைச் சுற்றி நடந்தாள். பிறகு கணவருக்கு எதிரில் வந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள்: "உங்கள் தகப்பனார் போனதைக் கேள்விப்பட்டேன், மிகவும் வருந்துகிறேன். தபாலில் தொலைந்த அந்தக் கடிதத்தை நான் அடிக்கடி நினைக்கிறேன். கடிதத்தை நம்பாமல் நானே வந்து கதவைத் தட்டியிருக்கவேண்டும். மன்னித்துவிடுங்கள்." அவளுடைய கண் கலங்கியிருந்தது.

கணவர் என் பக்கம் திரும்பினார். "என்னவாம்?"

"பலகை நல்ல வடிவாய் அடிச்சிருக்கிறீங்களாம்" என்றேன்.

மாமா போனபிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டேன். இரண்டு கையாலும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நன்றி, நன்றி என்றார்.