எந்த மொட்டை?

எங்கள் கட்டடத்தில் அவளை எல்லோரும் எலியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஆனாலும் எனக்கும் அக்காதான். பதினெட்டு வருடமாக ஆராய்ச்சிக்கூடத்து எலிகளைப் பார்த்துக்கொள்கிறாள். கூண்டு மாற்றுவது, தீனி வைப்பது, செத்ததைப் பையில் போட்டு எண் எழுதுவது அவள் வேலை. அவள் அனுப்புகிற கூண்டுகளைக் கழுவுவது என் வேலை. எலி மூத்திரத்தில் ஊறிய மரத்தூளைச் சுரண்டிச் சுரண்டி, அந்த நாற்றம் என் நகக்கண்வரை ஏறிவிட்டது. சோப்பு போட்டாலும் போகாது, எலுமிச்சை தேய்த்தாலும் போகாது. கருமம், சாப்பாட்டில் கை வைத்தால் எலிதான் மணக்கும்.

அக்காவுக்கு அந்த அருவருப்பெல்லாம் கிடையாது. எலியை வாலைப் பிடித்துத் தூக்கி, "என்னடா, இன்னைக்கு யார் காதைக் கடிச்சே?" என்று விசாரிப்பாள். அதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

எங்களிடம் இரண்டு ரக எலிகள் உண்டு. இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் சிவப்புக் கண். ஒன்று சாதா எலி. இன்னொன்று நோய் எதிர்ப்பு சக்தி இல்லாமலே பிறந்தது, நாம் பக்கத்தில் நின்று தும்மினால்கூடப் படுத்துவிடும். அந்த ரகத்துக்கு எலி அறையில் 'மொட்டை' என்று பெயர். பல வருடங்களுக்கு முன்னால் வந்தவற்றுக்கு உடம்பில் ஒரு முடிகூட இருக்காதாம். இப்போது வருகிறவற்றுக்கு முடி இருக்கிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கூண்டின் கார்டில் மொட்டை என்று எழுதினால் எதிர்ப்பு சக்தி இல்லாதது என்று அர்த்தம். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால், கழுவுகிற இடத்தில் இருந்த எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

மாடியில் ஸ்டெம் செல் வளர்க்கிறார்கள். எதுவாக வேண்டுமானாலும் மாறக்கூடிய செல் அது. அதை நரம்புச் செல்லாக மாற்றி, முதுகுத்தண்டு நொறுங்கியவர்களுக்கு ஊசியில் ஏற்றுவதுதான் திட்டம். ஆனால் மாறாத செல் நாலு உள்ளே ஒளிந்திருந்தால் போச்சு, அது தன் இஷ்டத்துக்கு வளர்ந்து கட்டியாகிவிடும். அதனால்தான் முதலில் மொட்டைக்குப் போட்டுப் பார்ப்பார்கள். மொட்டையின் உடம்புக்கு அந்நியச் செல்லை விரட்டத் தெரியாது. கெட்டது இருந்தால் வளரவிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். சாதா எலிக்குப் போட்டால் நல்லது கெட்டது பார்க்காமல் மொத்தத்தையும் அதன் உடம்பே தீர்த்துக்கட்டிவிடும். அதன் முதுகைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

அப்படி ஒரு கட்டியை ஒருமுறை மேஜையில் வைத்து அறுத்தபோது எட்டிப் பார்த்துத் தொலைத்தேன். உள்ளே சளி போல ஏதோ, சுருண்ட கறுப்பு முடி, நடுவில் ஒரு வெள்ளைப் பல். எலிப் பல் இல்லை, குழந்தைப் பல் போன்ற ஒன்று. கழுவுகிற தொட்டியிலேயே வாந்தி எடுத்தேன்.

அக்காவுக்கு ஒரே ஒரு தம்பி. எலக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்து மூன்று வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவனைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, மூத்திரப் பை மாற்றுவது எல்லாம் அவள்தான். எங்கள் கூடத்தின் ஊசியை முதலில் போடப்போகிற ஏழு பேரில் அவனும் ஒருவன் என்று செய்தி வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏத்துற செல்லை உடம்பு விரட்டாம இருக்க ஒரு வருஷம் மாத்திரை குடுப்பாங்களாம். என் தம்பியையும் மொட்டையாக்கப் போறாங்க!" என்று சிரித்தாள்.

தலைமுடியை எடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் புத்தி.

தம்பியைப் பரிசோதனைகளுக்குக் கூட்டிப்போக அவள் ஒரு வாரம் விடுப்பு எடுத்தாள். அவள் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். கண்ணாடிக்காரர் என்று நாங்கள் சொல்லும் அதிகாரி வந்து, "சாதா எலி பதினாலுக்கு முதுகை வழிச்சு வைம்மா. புது டாக்டர் ஊசி போட்டுப் பழகணும்" என்றார். மூக்கைச் சுளித்துக்கொண்டே மெஷினால் வழித்தேன். அலமாரியில் காலியாக இருந்த தட்டில் கூண்டுகளை வைத்து, பழைய கார்டுகளை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதிச் செருகினேன். புது டாக்டர் வரவே இல்லை. எலிகளுக்கு முடி முளைத்துவிட்டது. நானும் தொட்டிக்குத் திரும்பி, அதை மறந்துபோனேன்.

அடுத்த மாதம் ஊசிக்கான செல்லைப் பரிசோதிக்கிற வேலை தொடங்கியது. கூண்டுக் கார்டைப் பார்த்து எடுத்த பன்னிரண்டு எலிகளுக்கு அந்தச் செல். இன்னும் இரண்டுக்கு, வேண்டுமென்றே மாறாத செல். அந்த இரண்டிலும் கட்டி வந்தே தீர வேண்டும், வந்தால்தான் பரிசோதனை சரி. மூன்று மாதம் கழித்துப் பன்னிரண்டும் சுத்தம் என்று அறிவித்தார்கள். மாடியில் கேக் வெட்டினார்கள். எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு வந்தது. தம்பிக்குத் திங்கட்கிழமை ஊசி. அவன் புது ஷூ கேட்டானாம். அக்கா கறுப்பில் ஒரு ஜோடி வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அந்தப் பதினான்கு கூண்டுகளையும் காலி செய்யப்போனவள், மாறாத செல் போட்ட இரண்டு எலிகளின் முதுகையும் தடவிப் பார்த்திருக்கிறாள். வழவழவென்று இருந்தது. நேராகக் கண்ணாடிக்காரரிடம் போனாள். கூண்டுகளை வாங்கப் போன நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், இந்த ரெண்டுலயும் கட்டி வந்திருக்கணுமே?"

"ஊசி நழுவிடுச்சும்மா. ரிப்போர்ட்ல அப்படித்தான் போட்டிருக்கேன்."

"ரெண்டுலயுமா?"

"உனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம்? தம்பி எழுந்து நடக்கப் போறான், சந்தோஷமா இரு."

அவள் வெளியே வந்தாள். "விதையையே போட்டும் முளைக்கலன்னா மண்ணைத்தானே பார்க்கணும்?" என்று தனக்குத்தானே முனகினாள். திரும்பிப் போய்க் கூண்டுக் கார்டுகளைப் பார்த்திருக்கிறாள். பதினாலும் என் கோழிக் கிறுக்கல். ஒன்றை உருவிக்கொண்டு தொட்டிக்கு வந்தாள்.

"இது நீ எழுதினதுதானே? மொட்டைன்னு எழுதியிருக்கியே, எந்த மொட்டை?"

"எந்த மொட்டைன்னா? முதுகை வழிச்சேன், மொட்டைன்னு எழுதினேன். வேற என்னன்னு எழுதுறதாம்?"

அவள் அந்த ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே எனக்கு விளங்க வைத்தாள். பதினாலும் சாதா எலி. மூன்று மாதமாக அவை காட்டிய சுத்தம் வெறும் பொய். எதிர்ப்பு சக்தியை அடக்கிய உடம்போடு தம்பி படுத்திருப்பான், அவன் முதுகில் என்ன முளைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்லவே நாக்கூசுகிறது.

"வெளியே சொல்லிடாதக்கா. என் வேலை போயிடும்."

"என் தம்பி உசுரு போயிடும்டி" என்றாள் அவள்.

அவளோடு இயக்குநர் அறைக்கு நானும் போனேன். அந்த ஆள் பல்லில் சிக்கியிருந்த எதையோ நகத்தால் நோண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். நோண்டியதை மேஜை ஓரத்தில் தேய்த்தார்.

"சரிம்மா. உன் தம்பி பேரை மட்டும் எடுத்துடறேன். மத்த ஆறு பேருக்கும் போடலாம். கட்டி வர்றதுக்கு வாய்ப்பே கம்மிதான். நீங்க ரெண்டு பேரும் இதைப் பெருசாக்காதீங்க."

தூ! இத்தனை நாளாக எலிப் புழுக்கையில் கை விட்டிருக்கிறேன், அந்த மேஜையின் ஓரம் என்னை அருவருக்க வைத்ததுபோல எதுவும் வைத்ததில்லை. அக்கா விறுவிறுவென்று நடந்தாள். வெளியே வந்து, ஊசிக்கு அனுமதி கொடுக்கும் குழுவுக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதினாள். கீழே என் தவறை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை ஊசி நின்றது. மொத்தப் பரிசோதனையையும் அவர்கள் ஆட்கள் முன்னால் மறுபடி நடத்தச் சொன்னார்கள். என்னை வேலையைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். அக்காவைத் தொட முடியவில்லை, மறு பரிசோதனைக்கு எலிகளைப் பார்த்துக்கொள்ள அவள் வேண்டும்.

தம்பிதான் அவளைப் படுத்தி எடுத்துவிட்டான். "நான் எழுந்து நடந்தா உனக்கு வேலையில்லாம போயிடும்னு பயமா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டானாம். அதற்கப்புறம் பேச்சே இல்லை. மூன்று மாதம் அவள் துடைத்தாள், புரட்டினாள், பை மாற்றினாள். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறு பரிசோதனை முடிந்த மாலை, "நீயும் வா" என்று அக்கா என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அறையில் டெட்டாலும் மூத்திரமும் கலந்த வாடை. கட்டிலுக்கு அடியில் அந்த ஷூ, அட்டைப் பெட்டியில் பிரிக்காமல் கிடந்தது. அக்கா பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தாள். பதினெட்டு வருடத்தில் அங்கிருந்து ஒரு பஞ்சைக்கூட எடுத்து வராதவள் அவள். குப்பிக்குள் முடி சுற்றிய ஒரு பல் மிதந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நெஜ மொட்டை பன்னெண்டுல அஞ்சுக்குக் கட்டி வந்திருக்கு. உனக்குப் போட வச்சிருந்த அதே செல்" என்றாள்.

தம்பி குப்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் கோணியது. பார்க்கப் பார்க்கக் கண்ணில் தண்ணீர் கட்டியது.

"அப்போ எனக்கு நடக்கவே வராதாக்கா?"

"தெரியலடா. வேற செல் தயார் பண்ணணும். மறுபடி எலிக்குப் போட்டுப் பார்க்கணும். எத்தனை வருஷமாகுமோ."

அவன் குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கால்மாட்டில் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"கார்டை நீயே எழுதுக்கா" என்றான்.

நான் குனிந்து, கையை முகர்ந்து பார்த்தேன். எலிதான் மணந்தது.