லாரியின் நிழல்

பெருமாநல்லூர் அருகே ஒரு டீக்கடை. வாசலில், பனியன் பெட்டிகள் ஏற்ற வந்த நீளமான கண்டெய்னர் லாரி நிற்கிறது. சுற்றிலும் மரமே இல்லை. லாரியின் இடப்பக்க நிழலில் மூன்று வண்டிகள்: என் ஸ்கூட்டர், ஒரு மொபெட், துணி மூட்டை கட்டிய இன்னொரு ஸ்கூட்டர். அதில் உட்கார்ந்தபடி ஓர் அக்கா போன் பேசுகிறார்.

டிரைவர் டீயை முடித்துவிட்டு வருகிறார். "வண்டிய எடுத்துக்கறீங்களா கண்ணு? லாரியத் திருப்போணும்."

"இவ்வளவு பெரிய கண்ணாடி இருக்கே, தெரியாதுங்களா?"

"ஏறிப் பாருங்க."

ஏறி அவர் இருக்கையில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணுகிறேன். கண்ணாடியில் கடைப்பலகை தெரிகிறது, மொபெட்டின் பின்சக்கரம் தெரிகிறது. என் ஸ்கூட்டர் இல்லை. மூட்டையும் இல்லை.

"அந்த அக்கா எங்கங்க?"

"அதத்தானுங்க நானும் தெனம் தேடறேன்."

இறங்கி அக்காவிடம் சொல்கிறேன்.

"இத்தாச்சோட்டுப் பெரிய மூட்டையோட நான் தெரியலீங்களாமா? கண்ணாசுபத்திரிக்குப் போகச் சொல்லுங்க!" போனைக் காதில் இடுக்கியபடியே வண்டியை வெயிலுக்குத் தள்ளுகிறார். மற்ற இரண்டையும் நான் நகர்த்துகிறேன்.

"நெழலு காலிங்களா?" மேலிருந்து குரல்.

"காலிங்க!"

லாரி கம்பெனிச் சந்துக்குள் இடப்பக்கம் திரும்புகிறது. முன்சக்கரங்கள் வண்டிகள் நின்ற இடத்தைவிட்டு விலகித்தான் போகின்றன. பின்சக்கரங்கள் அப்படிப் போகவில்லை. உள்ளே ஒதுங்கி வந்து, அக்காவின் ஸ்டாண்டு மண்ணில் பதித்த குழியின் மேல் மெதுவாக ஏறி இறங்குகின்றன.

"அப்புறம் கூப்பிடறேனுங்க," என்று அக்கா போனை வைக்கிறார்.