கக்கூஸ் கண்டக்டர்

போன வாரம் ஒரு பழைய லாட்ஜில், கக்கூஸ் சங்கிலியை இழுத்தேன். தலைக்கு மேலே இரும்புத் தொட்டி உறுமியதும், ஐம்பத்தைந்து வயதில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தேன்.

எங்கள் காளிகாட் வீட்டிலும் இதே உறுமல்தான். தண்ணீர் என்னையும் சேர்த்து இழுத்துப் போய்விடும் என்று மூன்று வயதில் பயந்து, வயிறு கல்லாகும்வரை அடக்கிக்கொண்டு அழுவேன்.

அப்பா சங்கிலியில் கயிறு கட்டி, கதவுக்கு வெளியே என் கைக்கு எட்டும்படி தொங்கவிட்டார்.

"நீதான்டா டிராம் கண்டக்டர். வேலைய முடிச்சுட்டு வெளிய வந்து இழு. நீ இழுத்தாத்தான் வண்டி கிளம்பும்."

உட்கார்ந்தேன், வந்தேன், இழுத்தேன். தொட்டி உறுமியது, நான் கைதட்டினேன்.

பயம் போய்ப் பதவி வெறி வந்துவிட்டது. மறுநாள் காலை கதவு சாத்தியிருந்தது. "டாலிகஞ்ச், டாலிகஞ்ச்!" என்று டிராம் போகும் ஊரைக் கண்டக்டர் போலக் கத்தியபடி கயிற்றை இழுத்தேன்.

உள்ளேயிருந்து அப்பா அலறினார்: "டேய், பாசஞ்சர் இன்னும் இறங்கவே இல்லடா!"